வேகக் காரை யாரிடம் ஒப்படைப்பது?

வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பதால் சகோதரர்கள் பலர் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. “மகன் ஒரு சுபாரு வைத்திருக்கிறான். அதை ட்யூன் பண்ண வேண்டுமாம். நல்ல ஆள் யார் நானா?” நான் பெயர் சொல்வதில்லை. ஆளைத் தெரிவு செய்யும் முறையை மாத்திரமே சொல்வேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

இது பொழுதுபோக்கு விடயம் மட்டுமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை பன்மடங்கு ஏறியது. மிட்சுபிஷி நிறுவனமோ லான்சர் எவலூஷன் தயாரிப்பை 2016 இல் கைவிட்டு விட்டது. அப்படியொரு கார் வீட்டில் இருந்தால் அது முதலீடு. எஞ்சின் உடைந்தால் முதலும் சேர்ந்தே உடைகிறது.

ட்யூனிங் என்றால் என்ன? எஞ்சினுக்குள் எவ்வளவு பெற்றோல் செல்ல வேண்டும், பிளக் எந்தக் கணத்தில் தீப்பொறி விட வேண்டும், டேர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்பவற்றைக் காரின் கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணக்குகளை மாற்றி எழுதுவதே ட்யூனிங். கம்பனி தனது கணக்கில் பாதுகாப்புக்காக ஓர் இடைவெளி விட்டு வைத்திருக்கும். ட்யூனர் அந்த இடைவெளியைத்தான் செலவழிக்கிறார். எவ்வளவு செலவழிக்கலாம் என்று தெரிந்தவரே நிபுணர்.

முதலாவது, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். “எந்தப் பெற்றோல் அடிக்கிறீர்கள்?” என்பது அவரது முதற் கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் பொதுவாக 100 ஒக்டேன் அளவில் விற்கப்படுகிறது. அங்கிருந்து வந்த டேர்போ கார்கள் அதற்கென அமைக்கப்பட்டவை. இங்கு பெரும்பாலான நிலையங்களில் கிடைப்பது 92உம் 95உம்தான். ஒக்டேன் குறைந்தால், தீப்பொறியின் சுவாலை பரவி முடியும் முன்னரே மீதிக் கலவை தானாக வெடிக்கும். இதை ‘நொக்’ என்பார்கள். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்றது அது. கொழும்பு வெயிலில் உள்ளே செல்லும் காற்றும் சூடாக இருப்பதால் ஆபத்து இன்னும் கூடும். குளிர் நாட்டில் ஓடிய கணக்கை அப்படியே இங்கு ஏற்றுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, வேலை தொடங்கும் முன் எஞ்சினின் ஆரோக்கியத்தைப் பார்க்கிறாரா? ஒவ்வொரு சிலிண்டரின் கொம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். பிளக், பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர், காற்றுக் குழாய்க் கசிவு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். “இந்த எஞ்சினுக்கு இப்போது ட்யூன் வேண்டாம், முதலில் இதைத் திருத்துங்கள்” என்று காரைத் திருப்பி அனுப்பத் தயங்காதவர் நம்பத் தகுந்தவர். வருகின்ற காசை வேண்டாமென்று சொல்பவரின் வார்த்தைக்குப் பெறுமதி உண்டு.

மூன்றாவது, அளவைக் கருவி. பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. டேர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது எஞ்சினைக் குளிர்விப்பதற்காகப் பெற்றோலைக் கூட்டி 11 முதல் 12 பங்கு காற்று என்ற அளவுக்குக் கொண்டு வருவார்கள். இதைக் காதால் கேட்டோ, புகைக்குழாயை முகர்ந்தோ சொல்ல முடியாது. வைட்பேண்ட் சென்சர் வேண்டும், நொக் பதிவு வேண்டும், டைனோ இயந்திரம் இருந்தால் மிக நல்லது. பொது வீதியில் வேகமாக ஓட்டிப் பார்த்து ட்யூன் செய்பவர் உங்கள் காரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

நான்காவது, குதிரைவலு எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே கார் இரண்டு டைனோக்களில் இரு வேறு எண்களைக் காட்டும். எஞ்சினில் அளப்பது ஒன்று, சக்கரத்தில் அளப்பது வேறொன்று. ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் எடுத்த முன், பின் அறிக்கைகளையே ஒப்பிட வேண்டும். இரண்டையும் கையில் கேளுங்கள். தராசைப் பார்க்காமல் சரக்கு வாங்கும் வியாபாரி நம்மில் யாரும் இல்லையே.

ஐந்தாவது, உங்கள் எஞ்சினில் அவருக்குள்ள அனுபவம். சுபாருவின் படுக்கை எஞ்சினும் எவலூஷனின் நேர்வரிசை எஞ்சினும் வெவ்வேறு குணம் கொண்டவை. அவர் ட்யூன் செய்த அதே ரகக் கார் ஒன்று ஓரிரு வருடம் ஓடிய பின் எப்படி இருக்கிறது என்று அதன் உரிமையாளரிடமே விசாரியுங்கள். நேற்று முடித்த கார் சாட்சியாகாது.

இனி கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். கூலிக்கு அமர்த்தும்போது வேலையும் கூலியும் இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். கடனைக் கூட எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) பணிக்கிறது. எனவே கட்டணத்தில் என்னென்ன அடங்கும், டைனோவில் எஞ்சின் உடைந்தால் யார் பொறுப்பு, பின்னர் திருத்தம் செய்யத் தனிக் காசா என்பவற்றை வேலைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கம்பனியின் பழைய கோப்பின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். சில ட்யூனர்கள் தமது கோப்பை வேறு எவரும் திறக்க முடியாதபடி பூட்டி விடுவார்கள். அப்படியானால் நாளை வேறொருவரிடம் போகும்போது அது தடையாகலாம். அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் அவசியம். கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றச் சொல்பவர், வருடா வருடம் உங்களுக்கு வரும் சிக்கலைச் சொல்ல மாட்டார். காப்புறுதி அல்லது தகாபுல் நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவியுங்கள். மறைத்தால் விபத்தின்போது நஷ்டஈடு மறுக்கப்படலாம்.

கடைசியாக, வலு கூட்டும் காசில் ஒரு பகுதியை பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்குங்கள். அதை நீங்கள் கேட்கும் முன் தானாகவே சொல்லும் ட்யூனர் கிடைத்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் அவரிடமே கொடுங்கள். ஓட்டப் போவது உங்கள் பிள்ளை.