பூந்தொட்டி அத்தியாவசியமா?

கொரோனா குளிர்காலத்தில் பிரிட்டனின் செடிக் கடைகள் கிளப்பிய கேள்விக்கு அரசுகள் ஆளுக்கொரு பதில் சொன்னன. செடிகள் காத்திருக்கவில்லை.

2021 ஜனவரியில் இங்கிலாந்தில் துணிக்கடைகள் மூடியிருந்தன. புத்தகக் கடைகள் மூடியிருந்தன. பப்கள், சினிமா தியேட்டர்கள், சலூன்கள் எல்லாவற்றுக்கும் பூட்டு. பெரும்பாலான மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. சில விதிவிலக்குகள் தவிர, அடுத்த தெருவில் இருக்கும் பேரன் வீட்டுக்குள் தாத்தா கால் வைக்கக் கூடாது. ஜனவரி 26ஆம் தேதி நாட்டின் கொரோனா சாவு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த மாதத்தில், உணவுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு கடை சட்டபூர்வமாகத் திறந்திருந்தது. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே அது விற்றது பான்சியும் சைக்ளமனும் ரோஜாக் கன்றும் எரு மூட்டையும்.

கார்டன் சென்டர் என்று பிரிட்டிஷார் அழைக்கும் இந்த இடத்தை நம் ஊர் நர்சரியோடு ஒப்பிட்டால் பாதிதான் புரியும். செடி, விதை, மண்வெட்டியோடு பரிசுப் பொருட்கள், பறவைத் தீனி, மழைக் கோட்டு, கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று சகலமும் அங்கே உண்டு. நடுவில் ஒரு டீக்கடை நிச்சயம். ஓய்வுபெற்றவர்கள் வாரநாள் காலையில் காரை நிறுத்திவிட்டு, ஒரு தொட்டியைப் பார்த்து, ஒரு டீ குடித்து, தெரிந்த நாலு முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும் இடம். சிலர் எதுவும் வாங்குவதில்லை. நம் ஊரில் கோயில் பிராகாரத்துக்கு இருக்கும் உபயோகங்களில் ஒன்று அங்கே இந்தக் கடைக்கு இருக்கிறது.

அதனால்தான் 2020 மார்ச் 23 அன்று முதல் ஊரடங்கு வந்தபோது விழுந்த அடி இரண்டு மடங்கானது. மளிகை, மருந்து, வங்கியோடு ஆணி, பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடைகள்கூட அத்தியாவசியப் பட்டியலில் இடம் பிடித்தன. கார்டன் சென்டர் பிடிக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடிக்கலாம், தக்காளி நாற்று வாங்க முடியாது என்று ஆனது. அதே நாற்றை சூப்பர் மார்க்கெட் வாசலில் வைத்து விற்கத் தடையில்லை என்பது விநோதத்தின் உச்சம்.

வேறு எந்தக் கடைக்காரரும் சரக்கைப் பூட்டி வைத்துக் காத்திருக்கலாம். சட்டை வாடாது. புத்தகம் அழுகாது. வசந்தத்துக்கான பூச்செடிகளோ குளிர்காலத்திலேயே விதைக்கப்பட்டு, சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் வளர்க்கப்பட்டு, மார்ச் முதல் மே வரையிலான சில வாரங்களில் விற்றாக வேண்டியவை. பிரிட்டனின் தோட்டத் தொழிலில் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த வாரங்களில்தான் வருகிறது. ஜூன் இறுதிக்குள் 20 கோடி பவுண்ட் மதிப்புள்ள செடிகள் குப்பைக்குப் போகும் என்று தோட்டத் தொழில் வர்த்தக சங்கம் எச்சரித்தது. அன்றைய மதிப்பில் இது ஏறக்குறைய ரூ.1,900 கோடி. கடலுக்கு அப்பால் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலச் சந்தையில் அந்த மார்ச் மாதமே வாங்க ஆளில்லாத பூக்கள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டிருந்தன. எச்சரிக்கை வெறும் பயமுறுத்தல் அல்ல.

மே மாதத்தில் அரசுகள் இறங்கிவந்தன. 11ஆம் தேதி வேல்ஸ், 13ஆம் தேதி இங்கிலாந்து, மாத இறுதியில் ஸ்காட்லாந்து என்று கதவுகள் திறந்தன. வாசலில் வரிசை நின்றது. வீட்டில் அடைபட்டுக் கிடந்த தேசம் மண்ணைக் கிளற ஆரம்பித்திருந்தது. அந்த ஆண்டில் சுமார் 30 லட்சம் பேர் புதிதாகத் தோட்ட வேலையில் இறங்கினார்கள் என்பது அதே சங்கத்தின் கணிப்பு.

நவம்பர் 5 அன்று இங்கிலாந்து இரண்டாவது தடவை கதவை அடைத்தபோது பட்டியல் மாறியிருந்தது. இந்தத் தடவை கார்டன் சென்டர் உள்ளே, புத்தகக் கடை வெளியே. 2021 ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கிய மூன்றாவது ஊரடங்கிலும் இதே நிலைதான்.

திறந்திருந்த கடைக்குள் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? வாசலில் கை கழுவும் திரவம், தரையில் அம்புக்குறி, முகத்தில் கவசம், ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி. டீக்கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எடுத்துச் செல்ல மட்டும் காகிதக் கோப்பையில் டீ. லண்டனில் அப்போது பகல் என்பதே எட்டு மணி நேரம்தான். சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிவிடும். அடுத்த வீட்டுக்குப் போக முடியாத ஒருவர், நடந்தபடி நாலு மனிதர்களைத் தூரத்திலிருந்தாவது பார்க்கக்கூடிய, காற்றோட்டமான இடங்கள் அப்போது அதிகம் இல்லை.

குளிர்காலத்தில் அங்கே வாங்க ஒன்றுமில்லை என்று நினைத்தால் தப்பு. பனியிலும் பூக்கும் ஹெலிபோர், ஸ்னோடிராப் எல்லாம் ஜனவரி, பிப்ரவரிக்கு உரியவை. ரோஜாவும் ஆப்பிளும் இலையுதிர்த்துத் தூங்கும் நவம்பர் முதல் மார்ச் வரைதான், வேரில் மண் இல்லாத கன்றுகளாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விதை உருளைக்கிழங்கை இந்த மாதங்களில் வாங்கி, முட்டை அட்டையில் அடுக்கி, ஜன்னல் ஓரம் முளைகட்ட வைத்தால்தான் வசந்தத்தில் நட முடியும். ஜூலையில் பீன்ஸ் பறிக்க நினைப்பவர் ஜனவரியிலேயே விதை வாங்கி வைக்கலாம். ஆன்லைனில் விதை விற்ற நிறுவனங்கள் சில, ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் புதிய ஆர்டரை இடையிடையே நிறுத்தி வைத்தது இந்தக் காலத்தில்தான்.

ஆனால் இந்தச் சலுகை பிரிட்டன் முழுவதற்கும் இல்லை. சுகாதாரச் சட்டம் இயற்றும் அதிகாரம் வேல்ஸ், ஸ்காட்லாந்து அரசுகளிடம் தனியாக இருக்கிறது. 2020 டிசம்பரில் வேல்ஸ் பூட்டியபோது கார்டன் சென்டரையும் சேர்த்தே பூட்டியது. ஸ்காட்லாந்தும் அப்படியே செய்தது. செப்ஸ்டோ நகரத்தை ஒட்டி ஓடும் வை நதியின் மேற்குக் கரை வேல்ஸ், கிழக்குக் கரை இங்கிலாந்து. ஒரு கரையில் பூந்தொட்டி அத்தியாவசியம், மறு கரையில் ஆடம்பரம். தக்க காரணமின்றிப் பாலத்தைத் தாண்டவும் கூடாது.

வேல்ஸ் அரசின் பக்கமும் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. ஒவ்வொரு கடையும் வீட்டை விட்டு வெளியே வர ஒரு சாக்கு. தவிர, கார்டன் சென்டர் விற்பது செடியை மட்டுமல்ல. அதே பரிசுப் பொருளையும் பொம்மையையும் விற்கும் கடைத்தெரு வியாபாரி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்க, நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடை மட்டும் கல்லாவை நிரப்புவது எந்த ஊர் நியாயம் என்று சிறு வியாபாரிகள் கேட்டார்கள். இதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. வேல்ஸ் முந்தைய அக்டோபரில் ஒரு பதிலை முயன்று பார்த்திருந்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் அத்தியாவசியம் அல்லாத அலமாரிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடச் சொன்னது. ஊரே சிரித்தது, பிறகு கோபப்பட்டது.

இன்னொரு கேள்வி மேலும் கூர்மையானது. செடி வாங்கினால் வைக்க இடம் வேண்டாமா? பிரிட்டனில் எட்டு வீட்டில் ஒன்றுக்குத் தனித் தோட்டமோ பொதுத் தோட்டமோ கிடையாது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் 2020 மே மாதம் சொன்னது. லண்டனில் ஐந்தில் ஒரு வீடு அப்படி. இங்கிலாந்தின் கறுப்பின மக்களில் 37 சதவிகிதம் பேருக்கு வீட்டோடு சேர்ந்த திறந்தவெளி இல்லை. வெள்ளையரில் 10 சதவிகிதம் பேருக்குத்தான் இந்த நிலை. நகரத்துக்கு வெளியே இருக்கும் கடைக்குப் போகக் காரும் வேண்டும். ஆக, கதவு எல்லோருக்கும் திறந்திருந்தாலும் பலன் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு தொட்டி வைத்துத் திருப்திப்பட்டவர்களும் உண்டு என்பது சமாதானம்தான், தீர்வு அல்ல.

இந்தியாவிலும் இதே பட்டியல் சிக்கல் எட்டிப் பார்த்தது. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய தேசிய ஊரடங்கின் நான்காவது வாரத்தில், ஏப்ரல் 21 அன்று, மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விளக்க ஆணை வெளியிட்டது. கன்றுகள் போன்ற நடவுப் பொருட்களையும், கூடவே தேனீக் கூட்டங்களையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகலாம் என்றது அது. உயிருள்ள சரக்கைக் கிடங்கில் போட்டு வைக்க முடியாது என்பதை டெல்லியும் உணர்ந்திருந்தது.

நமக்குக் குளிர்காலம்தான் பூக்காலம். ஆனால் 2021 ஜனவரியில் பெங்களூர் லால்பாக் குடியரசு தின மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. பிப்ரவரியில் ராஷ்டிரபதி பவனின் முகல் தோட்டம் (2023 முதல் அம்ருத் உத்யான்) திறந்தது. ஆனால் ஆன்லைனில் முன்பதிவு செய்தவர்கள் மட்டும், ஒரு மணி நேரத் தவணைகளில் பார்த்துவிட்டுப் போனார்கள். லண்டனில் 2020இல் கம்ப்யூட்டர் திரையோடு முடிந்துபோன செல்சீ மலர்க் கண்காட்சி, 2021இல் வழக்கமான மே மாதத்தை விட்டுச் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

கடைசியில் பூந்தொட்டி அத்தியாவசியமா, இல்லையா? அதை மறுத்த அரசுகளே சொன்ன பதில் காலண்டரில் இருக்கிறது. வேல்ஸ் 2021 மார்ச் 22 அன்று கார்டன் சென்டர்களைத் திறந்தது. துணிக்கடை, புத்தகக் கடை உள்ளிட்ட மற்றவை ஏப்ரல் 12 வரை காத்திருந்தன. ஸ்காட்லாந்தில் கார்டன் சென்டருக்கு ஏப்ரல் 5, மற்ற பெரும்பாலான கடைகளுக்கு ஏப்ரல் 26. இரண்டு இடத்திலும் சரியாக மூன்று வாரம் முன்னுரிமை. வசந்தம் இன்னொரு தடவை வீணாகிவிடக் கூடாது என்ற கவலை அந்தத் தேதிகளில் தெரிகிறது.

தொற்று நோய் மறுபடி வராது என்று எந்த டாக்டரும் உத்தரவாதம் தர மாட்டார். அடுத்த பட்டியலைத் தயாரிக்கப்போகும் அதிகாரிகள், கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டால் போதும். உள்ளே காற்று வருகிறதா? சரக்கு எத்தனை நாள் தாங்கும்? வேறு எங்கும் போக முடியாதவர்கள் யாராவது அங்கே வருகிறார்களா? 2020 மார்ச்சில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், விற்பனைக்கு வளர்த்த செடிகளை விவசாயிகள் தங்கள் கையாலேயே குப்பையில் கொட்ட நேர்ந்திருக்காது.