குழந்தைக்குக் காது கேட்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்ற ஒரு வார்த்தை, நம் வீடுகளில் எத்தனையோ குழந்தைகளின் பொன்னான மாதங்களை விழுங்கியிருக்கிறது. நாக்கில் வசம்பை உரசித் தேய்ப்பார்கள். தேன் தடவுவார்கள், ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதே ஆபத்து. பேசத் தாமதிக்கும் குழந்தைக்கு முதலில் சோதிக்க வேண்டியது நாக்கை அல்ல, காதை.

"தட்டைத் தட்டினா திரும்புறானே" என்பார்கள் பாட்டிமார். குழந்தை உங்கள் கை அசைவைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம், தரையின் அதிர்வை உணர்ந்திருக்கலாம். தட்டின் பலத்த சத்தம் கேட்கும் காதுக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமலும் போகும். இன்னொன்றும் பெற்றோரை ஏமாற்றிவிடுகிறது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் மழலை வளராமல் தேங்கிப்போவது தெரியும்.

அதனால்தான் ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் சோதனையான ஓஏஇ, குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியே இல்லை. அதில் தேறாவிட்டால் பயந்துவிட வேண்டாம், அதோடு விட்டுவிடவும் வேண்டாம். திரும்பச் செய்யச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் 'பெரா' சோதனைக்குப் போங்கள். ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது. அது உட்காதைத்தான் பார்க்கும். கேட்கும் நரம்பின் கோளாறு பெராவில்தான் அகப்படும்.

ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடை, ரத்தம் மாற்றும் அளவுக்கு முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா, தாய்மாமன் அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் நடந்த திருமணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கூடுதல் கவனம் வேண்டும். பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் கேட்கும் திறன் குறையலாம். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும், இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரண்டு சொல் சேர்க்காத குழந்தையையும் மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே சொல்லலாம். அவர்கள் 'டிஇஐசி' எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் 'டிஇஐசி' எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். உட்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை, தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. ஆனால் சீக்கிரம் பொருத்தினால்தான் முழுப் பலன்.

அறுவை முடிந்ததும் குழந்தை பேசிவிடாது. கேட்கப் பழக்கும் பயிற்சி நெடுநாள் நடக்க வேண்டும், கருவியை விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் அம்மாவும் ஆயாவும் முகம் பார்த்துப் பேசுவதே பெரிய பயிற்சி. அதைக் கைப்பேசி செய்யாது. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்ற ஆலோசனையைக் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சைகை மொழி கற்பதும் தோல்வியல்ல. எந்த வழியிலாவது மொழி சீக்கிரம் வந்து சேர வேண்டும். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன், பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று அரசைப் பணிக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. "இந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்" என்று பள்ளி சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடியின் நகலையும் இணைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மாநில ஆணையரிடம் போகலாம்.