இது வெறும் வாந்திதானா?

எட்டு வயதுப் பையன். பத்து நாளாக இளைத்து வருகிறான். சோர்ந்து சோர்ந்து படுக்கிறான். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான். "வெயில் அப்படி" என்கிறாள் அம்மா. படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் நின்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது மறுபடியும் போகிறான். பாட்டி திட்டுகிறாள்.

ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்கிறான். வாந்தி எடுக்கிறான். மூச்சு வாங்குகிறது. கண்டதையும் தின்றிருப்பான் என்று கஷாயம் கொடுக்கிறார்கள். சளி என்று நினைத்து மார்பில் தைலம் தடவுகிறார்கள்.

பையனுக்கு வந்திருப்பது சர்க்கரை நோய். சின்னப் பிள்ளைக்குமா? ஆம், கைக்குழந்தைக்கும் வரலாம். பிள்ளைகளுக்கு இப்படி வருவது இனிப்புத் தின்றதால் அல்ல. பெற்றோரின் குற்றமும் அல்ல.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில்தான் இன்சுலின் சுரக்கிறது. நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும். அதை உடம்பு பயன்படுத்த இன்சுலின் வேண்டும். சில பிள்ளைகளுக்கு இது அநேகமாகச் சுரக்காமல் போகிறது. அப்போது சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். பிறகு சிறுநீரில் வழியும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அந்தத் தீராத தாகம்.

சர்க்கரை பயன்படாததால் உடம்பு கொழுப்பை எரிக்கும். இரத்தத்தில் அமிலம் சேரும். வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேகமான மூச்சு எல்லாம் அதனால் வருபவை. மூச்சில் அழுகிய பழ வாடை வீசலாம். அடுத்தது மயக்கம். உயிர் போகலாம்.

சாதாரண வாந்தி பேதி என்றால், உடம்பில் நீர் வற்றி, சிறுநீர் குறைந்துவிடும். இந்த நோயில் நாக்கு வறண்டிருக்கும். ஆனாலும் சிறுநீர் நிறையப் போகும். இதை வீட்டில் உள்ளவர்கள்தான் கவனிக்க முடியும். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்பார்கள். எறும்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூச்சு வாங்கும் பிள்ளையை அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "சர்க்கரை பாருங்கள்" என்று கேளுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் ஊசிதான் மருந்து. மாத்திரையோ இலைச்சாறோ அதற்கு ஈடாகாது. 1922இல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்தப் பிள்ளைகள் பிழைப்பது அரிது. இன்று தினமும் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. அது மெதுவாக வரும். 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கண் மங்கினால் வயது என்கிறோம். பாதம் எரிந்தால் உடம்புச் சூடு என்கிறோம். மறைவிடத்தில் அரித்தால் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை. உடம்பு மெலிந்தால் காசநோயோ என்று சளியைச் சோதிக்கிறார்கள். சோதிக்க வேண்டியதுதான். சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சர்க்கரை பார்க்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் போங்கள். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்வார்கள்.