கதிரடிக்கும்போது கண் பத்திரம்!

கதிரடிக்கும் களத்தில் நெல் சுணை கண்ணில் விழுவது புதிதல்ல. கண்ணைக் கசக்கிவிட்டு, துண்டு நுனியைச் சுருட்டி ஊதி ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், கருவிழியில் ஏற்பட்ட சிறு கீறல் வழியே கிருமியோ பூஞ்சைக் காளானோ புகுந்தால் புண் உண்டாகும். கவனிக்காமல் விட்டால் பூ விழுந்து பார்வையே போய்விடும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக 1996-ல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

'மெட்ராஸ் ஐ' எனும் கண்வலி பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் பரவும். கண் சிவந்து பீளை கட்டும். பார்வை அவ்வளவாகக் குறையாது. கருவிழிப் புண் அப்படியல்ல. அடிபட்ட கண்ணில் மட்டும் வலி, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காளான் புண் அடிபட்ட சில நாள் கழித்துக்கூட மெல்லத் தலைகாட்டும்.

உடனே செய்ய வேண்டியவை

கண்ணைக் கசக்காமல் சுத்தமான நீரைத் தாராளமாக விட்டுக் கழுவவும். தூசி ஒட்டிக்கொண்டிருந்தால் துணியாலோ நாக்காலோ எடுக்க முயலாதீர்கள். உறுத்தல் நிற்காவிட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லவும். நேபாளத்தின் பக்தபூரில் கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமத் தொண்டர்கள் குளோராம்பெனிகால் களிம்பு இட்டனர். 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடப்பட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. விரைந்து செல்வதன் பலன் இதுவே.

செய்யக் கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். வீட்டில் மீந்த சொட்டு மருந்தும் வேண்டாம். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பைக் குறைத்துக் குணமானது போலக் காட்டும்; உள்ளே காளான் வளர்ந்துகொண்டே போகும்.

சிகிச்சை

மருத்துவர் புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, கிருமியா காளானா என்று தீர்மானிப்பார். இரண்டுக்கும் மருந்து வேறு. காளானுக்கு 5 சத நாட்டமைசின் சொட்டு மருந்து தரப்படுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட இதுவே மேலான பலன் தந்தது. முதலில் மணிக்கொரு முறை விட வேண்டியிருக்கும். ஆற வாரக் கணக்காகும். வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கதிரடிக்கும்போதும், நெல் தூற்றும்போதும், கரும்புச் சோகை உரிக்கும்போதும் பக்கமும் மூடிய சாதாரணக் கண்ணாடி அணிவது நல்லது. ஒரு நாள் வேலை போனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். போன பார்வை திரும்பி வராது.