'கிரெடிட்' எங்கே செல்லும்?

மாத்தளைப் பக்கம் ஓ.எல். பெறுபேறு வந்தால் "எத்தனை கிரெடிட்?" என்றுதான் கேட்பார்கள். அது 'சீ' எனும் திறமைச் சித்தி. பட்டப்படிப்பின் கிரெடிட் வேறு. அது கற்ற நேரத்தின் அளவு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட், விரிவுரையும் சொந்த வாசிப்பும் சேர்ந்து 50 மணித்தியாலம். பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90, சிறப்புப் பட்டத்துக்கு 120.

என் பழைய மாணவி ஒருத்தி, உம்மாவின் நகையை ஈடுவைத்து, தனியார் நிலையமொன்றில் இரண்டு வருடம் டிப்ளோமா படித்தாள். பட்டப்படிப்பில் இடையில் சேரப் போனபோது, "முதலாம் வருடத்திலிருந்து வாங்க" என்றுவிட்டார்கள். நிலையத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது கம்பனிப் பதிவுதான்! அது யாபாரத்துக்கான பதிவு, படிப்பின் தரத்துக்குச் சாட்சியல்ல.

தொழிற்கல்வி நிலையங்களைப் பதிவது மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு. அதிலும் நிலையத்தின் பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. இரண்டும் இருந்தாலும், எத்தனை கிரெடிட்டை ஏற்பது என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகமே பாடத்திட்டத்தை ஒப்பிட்டுத் தீர்மானிக்கும். காசு கட்டுமுன் அங்கேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாடத்திட்டப் பிரதியைப் பெறுபேற்றுப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். நிலையம் மூடிப்போனால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?