அரசியல் யாப்பும் குடிகளும்: கொட்டகலையை முன்வைத்து ஒரு நோக்கு

மன்னனின் விருப்பமே சட்டமாக நின்ற நாடுகளில், அவ்விருப்பத்திற்கு எழுத்திலமைந்த எல்லையொன்றை வகுக்க முயன்றனவே அரசியல் யாப்பு இயக்கங்கள். துருக்கியப் பேரரசில் மிதாத் பாஷா முதலியோரின் முயற்சியால் 1876 இல் யாப்புப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இரண்டாம் அப்துல் ஹமீது 1878 இல் மூடிய பாராளுமன்றம், இளந்துருக்கியரின் 1908 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னரே மீண்டது. பாரசீகத்தில் வணிகரும் மதகுருமாரும் 1906 இல் நடத்திய போராட்டம் 'மஜ்லிஸ்' என்னும் மன்றத்தைத் தோற்றுவித்தது. 1908 இல் முகம்மது அலி ஷா அதனைப் பீரங்கிகொண்டு தாக்குவித்தார். மறு ஆண்டில் யாப்புவாதிகள் அவரை அரியணையினின்றும் நீக்கினர்.

இவற்றை மட்டும் நோக்குவோர், யாப்பின் பகைவன் முடிமன்னனே எனக் கருதுதல் இயல்பு. ஆயின் மக்கள் தெரிந்தெடுத்த மன்றமே மக்களுள் ஒரு பகுதியினரைப் புறத்தே நிறுத்துதலும் கூடும் என்பதற்கு நமது மலையகம் சான்றாகும்.

1931 ஆம் ஆண்டு டொனமூர் யாப்புச் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. எனினும் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் தம் நிரந்தர வதிவினை நிறுவவேண்டியிருந்தது. அத்தடைகளையும் கடந்து, 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. கொட்டகலையில் கே. குமாரவேலு தெரிவானார். அடுத்த ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்குப் பிறந்தமையை நிறுவவேண்டுமென அது விதித்தது. பிறப்புப் பதிவற்ற லயன் அறைகளில் அத்தகைய சான்றினைக் காட்டவல்லார் சிலரே. பிரசைகளுக்கே வாக்குரிமை என 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வரையறுத்தது. 1952 இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை.

சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஏனையோர்க்கில்லாத் தகுதியீனத்தை ஒரு சமூகத்தார்மேற் சுமத்தும் சட்டத்தைத் தடுத்தது. அதனை நம்பியே கோடக்கன்பிள்ளை வழக்கு எழுந்தது. தன் பிரசைகள் யாவரென வரையறுத்தல் சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரமே எனக் கூறி, கோமறைக் கழகம் 1953 இல் மேன்முறையீட்டைத் தள்ளியது. காவலாக எழுதப்பட்ட பிரிவு, காவல் வேண்டியோர்க்கு உதவிற்றிலது.

அப்துல் ஹமீது மன்றத்தை மூடினார். இலங்கையிலோ மன்றம் திறந்தே கிடக்க, வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் நீங்கின. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று. ஆகவே யாப்பு யாதெனில், ஆள்வோர்க்கு இடும் எல்லை மட்டுமன்று; 'குடிகள்' என்னுஞ் சொல்லுள் யாவர் அடங்குவர் என்பதற்கான விடையுமாம் எனத் துணிதல் பொருந்தும்.