ராக்கர் திருத்திய பின் எண்ணெய் எஞ்சினில் காணும் கோளாறுகள்

கிணற்று நீரை இறைக்கும் எண்ணெய் எஞ்சின்களில், வால்வுகளுக்கும் அவற்றை அழுத்தும் ராக்கர்களுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருத்தல் வேண்டும். இவ்விடைவெளியைச் சரிப்படுத்திய பின் எஞ்சின் கிளம்பாமற் போவதும், கிளம்பியும் பலங் குன்றி ஓடுவதும் உண்டு. பயிர் வாடுந் தருணத்தில் இவ்வாறு நேரின், குடியானவர் பலர் நாஸிலையும் எண்ணெய்ப் பம்பையும் கழற்றி வீண் செலவுக்கு உள்ளாகின்றனர். கடைசியாகக் கை வைத்த பாகத்தையே முதலிற் சோதிக்க வேண்டும்.

இடைவெளியின் அவசியம்: 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனியார் வெளியிட்டதும், பின்னர் ராஜ்கோட் முதலிய இடங்களில் அதன் மாதிரியாகச் செய்யப்பட்டதுமாகிய மெதுவோட்ட எஞ்சின் நிமிஷத்திற்கு 650 சுற்றுச் சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு வால்வும் திறக்குமாதலால், மணிக்கு 19,500 முறை திறந்து மூடும். சூடேறுங்கால் வால்வின் தண்டு நீளும். இடைவெளி போதாவிடில் வால்வு தன் இருக்கையிற் படியாது. நாளடைவில் புகை செல்லும் வால்வு எரிந்து கெடும்.

கையாற் சோதித்தல்: எண்ணெயை அடைத்து, பம்பின் பெல்ட்டைக் கழற்றுக. டிகம்ப்ரெஷன் லீவர் தூக்கியபடியே மறந்து விடப்பட்டதா என்று முதலிற் பார்த்து, அதை இறக்கிய பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுக. இரண்டு சுற்றுக்குள் ஒரு முறை பலத்த எதிர்ப்புத் தோன்ற வேண்டும். தோன்றாவிடில், காற்று எவ்வழியே சீறுகின்றது எனக் கவனிக்க. காற்று புகும் குழாயிற் சீறினால் உள்வால்வும், ஸைலென்ஸரிற் சீறினால் வெளிவால்வும் படியவில்லை. எஞ்சினின் அடிப்பெட்டியிற் சீறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. ராக்கரின் மேற் குற்றமில்லை.

மற்ற அடையாளங்கள்: தட்டும் ஓசை மிகுந்து பலம் குறைந்தால் இடைவெளி அதிகம். இதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான நிலையில் அளந்ததே. இரண்டு சுற்றில் பிஸ்டன் இரு முறை மேலே வரும். புகை வெளியேறி முடியும் நிலையில் இரு வால்வுகளும் சிறிது திறந்திருக்கும்; அப்போது அளந்தால் பின்னர் இடைவெளி மிகுந்து விடும். உள்வால்வு திறந்து மூடிய பின் பிஸ்டன் மேலே வரும் நிலையே சரியானது. அங்கே இரு ராக்கர்களும் தளர்ந்து ஆடும். தள்ளு கம்பி கிண்ணத்தினின்று நழுவியிருந்தால் அவ்வால்வு திறவாது.

குளிர்ந்த எஞ்சின் நன்றாய்க் கிளம்பிச் சூடேறிய பின் பலமிழக்குமாயின் இடைவெளி குறைவு எனச் சந்தேகிக்க. ஓசையின்றி ஓடுவதே நலமெனக் கருதலாகாது. தட்டும் ஓசை காதுக்கு எட்டும், வால்வு எரிவது எட்டாது.

திருத்தம்: தயாரித்தவர் குறித்த அளவையே, அவர் கூறியபடி குளிர்ந்தோ சூடாகவோ இருக்கையில், அளவுத் தகட்டால் வைக்க. பூட்டு நட்டை முடுக்குகையில் திருகும் உடன் திரும்புமாதலால் மறுபடியும் அளக்க. ராக்கரின் முனை குழிந்திருந்தால் தகடு குழியின்மேற் பாலம்போல் நின்று பொய்யளவு காட்டும்.

எதிர்ப்புப் பலமாயிருந்தும் எஞ்சின் கிளம்பாவிடில், அதன் பின்னரே எண்ணெய்க் குழாயிற் காற்றுப் புகுந்ததா என்று பார்க்க. பலருக்குப் பொதுவான எஞ்சின் உள்ள கிராமங்களில், திருத்திய தேதியையும் வைத்த அளவையும் ஒரு புஸ்தகத்திற் குறித்து வைக்கும்படி கிராம அதிகாரிகள் செய்வது நலம்.